ஓடை உயிர்கள் உண்பது எப்படி?

தர்மபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்துள்ள சித்தேரி மலை போன்ற இடங்களில், மழைக்காலம் முடிந்த கையோடு ஓடைக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அரிசி மணியளவே உள்ள பூச்சிக் குஞ்சுகள் அதில் ஒட்டிக் கொண்டிருக்கும். ஓடும் நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கும். உணவென்று சொல்லத்தக்க எதுவும் அதில் தெரியாது. அப்படியானால் இவை எதைத் தின்று வளர்கின்றன?

நம் நாட்டில் மலையோடை உயிர்களை ஆராய்ந்த முன்னோடி, இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த சுந்தர்லால் ஹோரா. காசி மலை ஓடைகளைப் பற்றி 1923இல் எழுதினார். 1930இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் அவருடைய விரிவான கட்டுரை வெளியாயிற்று. அவரை முதன்மையாக ஈர்த்தது உணவு அன்று, பிடிப்பு. பாயும் வெள்ளத்தில் இச்சிற்றுயிர்கள் அடித்துச் செல்லப்படாதது ஏன்? சிலவற்றின் உடல் தட்டையானது. பிளஃபரிசெரிட் என்னும் ஈ வகையின் இளம்புழுவுக்கோ வயிற்றுப்புறத்தில் 6 உறிஞ்சிகள் உண்டு. அருவிப் பாறையில் அவற்றால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிறது. பிடிப்பில்லையேல் அதற்குச் சாப்பாடு இல்லை.

உணவைப் பற்றிய ஆய்வில் ஒரு தொல்லை இருந்தது. இப்பூச்சிகளின் குடலைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தால், பலவற்றிலும் ஒரே மாதிரியான பழுப்புக் கூழ்தான் தெரியும். அமெரிக்க அறிஞர் கென்னத் கம்மின்ஸ் 1973, 1974ஆம் ஆண்டுகளில் கேள்வியையே மாற்றினார். 'எதைத் தின்கிறது?' என்பதைவிட 'எப்படி எடுக்கிறது?' என்று கேட்பதே பயனுள்ளது என்றார். இலையைக் கிழிப்பவை, கல்லைச் சுரண்டுபவை, துகளைப் பொறுக்குபவை, நீரை வடிப்பவை, வேட்டையாடுபவை என ஓடை உயிர்கள் பிரிந்தன. எளிய மாற்றந்தான், ஆனால் ஓடையையே புதிதாகப் பார்க்க வைத்தது.

இவற்றுள் இயற்பியல் படித்தவர்களை மயக்குவது நீரை வடிக்கும் கூட்டமே. கறுப்பு ஈயின் இளம்புழு கல்லின்மேல் பட்டு நூலால் ஒரு சிறு திண்டு அமைத்து, வாலிலுள்ள கொக்கிகளை அதில் மாட்டிக்கொள்ளும். தலையிலுள்ள இரண்டு விசிறிகளை நீரோட்டத்தில் விரிக்கும். சற்றைக்கொருமுறை விசிறியை மடக்கி, சிக்கியதை வாய்க்குள் வழித்துக்கொள்ளும்.

விசிறி ஒரு சல்லடை என்று வைத்துக்கொண்டால், இழைகளின் இடைவெளியைவிடப் பெரிய துகள்தானே சிக்க வேண்டும்? ஆனால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய கூழ்மத் துகள்களையும் இப்புழு உண்கிறது என்று 1976இல் ஆர். எஸ். வாட்டன் 'நேச்சர்' இதழில் சான்று காட்டினார். டீ வடிகட்டியில் சர்க்கரைக் கரைசலை ஊற்றிச் சர்க்கரையைப் பிடிப்பது போன்றதல்லவா இது!

மறு ஆண்டே ரூபன்ஸ்டைன், கோல் என்னும் இருவர் இதற்குரிய கணக்கைத் தந்தனர். காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் இழை வடிகட்டிகளுக்காகப் பொறியியலார் வகுத்த கோட்பாட்டை அவர்கள் கையாண்டனர். இழைக்கு மிக அருகே செல்லும் துகள் அதைத் தொட்டாலே போதும், ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய துகள்களோ பிரௌனியன் அசைவால் தாமாகவே வந்து மோதும். கறுப்பு ஈயின் விசிறி இழைகளில் பிசுபிசுப்பும் உண்டு. வீட்டு மின்விசிறியின் இறக்கையில் தூசி படிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சல்லடை ஏது?

கண்ணுக்குத் தெரியாமல் கடலுக்குப் போகவேண்டிய பொருளை இப்புழு உண்டு, பெரிய எச்சத் துகள்களாக வெளியிடுகிறது. அவை கீழே உள்ள துகள் பொறுக்கிகளுக்கு உணவாகின்றன.

கம்மின்ஸும் மற்ற நால்வரும் 1980இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். மரநிழல் சூழ்ந்த ஊற்றுக்கண் பகுதியில் இலை கிழிப்பவை மிகுந்திருக்கும். அவை சிந்தும் துகள்களைக் கீழ்ப்பகுதி உயிர்கள் உண்ணும். கரைமரங்களை வெட்டினால் மேலே இலை குறையும், கீழே பசி கூடும். ஆனால் இது வட அமெரிக்க ஓடைகளைக் கண்டு எழுதிய கணக்கு. வெப்ப நாடுகளின் பல ஓடைகளில் இலை கிழிக்கும் பூச்சிகள் குறைவு என்று பின்னர் தெரிந்தது. கென்ய ஓடைகளைப் பற்றி இக்கேள்வி 2002இல் எழுப்பப்பட்டது. அங்கே அப்பணியை நன்னீர் நண்டுகள் செய்வதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனவே அமெரிக்கப் பட்டியலை அப்படியே நம் மலைகளுக்குப் பொருத்துவது சரியன்று.

சோதிக்கும் முறை எளிது. உலர்த்தி எடைபோட்ட புங்க இலைகளை இரு பைகளில் இடுங்கள். ஒன்று பெருங்கண் வலை. மற்றது பூச்சியோ நண்டோ நுழைய முடியாத நுண்கண் வலை. இரண்டையும் ஓடையில் கட்டி, சில வாரம் கழித்து எடுத்து உலர்த்தி மீண்டும் எடை போடுங்கள். பெருங்கண் பையில் கூடுதலாகக் குறைந்த எடையில் பெரும்பங்கு, பூச்சியோ நண்டோ தின்றதாகும்.