இழைப்புளியும் அதன் இருப்பிடமும்: பெரம்பலூர், அரியலூர் மரவேலை மரபில் ஒரு பார்வை

இழைப்புளி என்பது மரத்தின் மேற்பரப்பை மெல்லிய சுருள்களாகச் சீவிச் சமன்செய்யப் பயன்படும் தச்சுக்கருவி ஆகும். இலங்கைத் தமிழர் இதனைச் சீவுளி என்பர். கதவு, சன்னல், கட்டில், ஊஞ்சல், கோயில் வாகனம், தேர் என மரத்தால் ஆன எந்தப் பொருளும் இக்கருவியின் கீழ் ஒருமுறையேனும் கிடந்து எழுந்திருக்கும். ஆனால் முடிந்த பொருளுக்குக் கிடைக்கும் கவனம் அதைச் செய்த கருவிக்குக் கிடைப்பதில்லை. பட்டறைகளில் இழைப்புளிகளை எப்படி வைத்தார்கள், எப்படிக் காத்தார்கள் என்பதும் தொழில் வரலாற்றின் ஒரு பகுதியே.

சொல்லும் உறுப்புகளும்

இழைப்பு, உளி என்னும் இரு சொற்கள் சேர்ந்து இழைப்புளி ஆயிற்று. இழைத்தல் என்றால் சீவி வழவழப்பாக்குதல். பெயரிலேயே உளி இருப்பது பொருத்தமானது. ஏனெனில் இழைப்புளி என்பது அடிப்படையில் ஒரு கட்டைக்குள் சாய்வாகப் பொருத்தப்பட்ட அகன்ற உளிதான். மரக்கட்டை, அதன் அடியில் உள்ள வாய், சாய்வாக நிற்கும் இரும்புத் தகடு, தகட்டை இறுக்கும் ஆப்பு ஆகிய நான்கும் மர இழைப்புளியின் முதன்மை உறுப்புகள். தகடு வாய்க்கு வெளியே மயிரிழை அளவே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூடினால் மரம் பிய்ந்துபோகும். குறைந்தால் கருவி வழுக்கும். இந்த நுண்ணிய அமைப்பே அதைக் கவனமாக வைக்க வேண்டியதற்குக் காரணம்.

உலக வரலாற்றில் இழைப்புளி

இன்று கிடைத்துள்ள மிகப் பழைய இழைப்புளிகள் உரோமானியர் காலத்தவை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரிலிருந்து இழைப்புளிகள் எடுக்கப்பட்டுள்ளன. 1545இல் மூழ்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பலான மேரி ரோசு 1982இல் கடலிலிருந்து மீட்கப்பட்டது. அக்கப்பலின் தச்சர் பயன்படுத்திய இழைப்புளிகளும் பிற கருவிகளும் போர்ட்சுமவுத் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இரும்பு இழைப்புளி பரவியது. லியோனார்டு பெய்லி வடிவமைத்த கருவியின் உரிமையை 1869இல் சுடான்லி நிறுவனம் பெற்றது. திருகாணியைத் திருப்பித் தகட்டை ஏற்றி இறக்கும் அந்த அமைப்பையே இன்றைய இரும்பு இழைப்புளிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. இந்தியாவில் பஞ்சாபின் ஜலந்தர் நகரம் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தமிழகத்துச் சிற்றூர்களில் இரும்பு இழைப்புளி வந்த பிறகும் மரத்தாலான இழைப்புளி மறைந்துவிடவில்லை. தகட்டை மட்டும் கடையில் வாங்கி, கட்டையைத் தம் கைக்கு ஏற்றபடி தாமே செய்துகொள்வது தச்சர் வழக்கம்.

பெரம்பலூர், அரியலூர் மரவேலை மரபு

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2007 முதல் அரியலூர் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தை ஒட்டிய அரும்பாவூர், தழுதாழை ஆகிய ஊர்கள் மரச்சிற்பத்துக்குப் புகழ் பெற்றவை. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் இறையுருவங்கள் செதுக்கப்படுகின்றன. தேர்களும் கோயில் வாகனங்களும் செய்யும் மரபும் இங்கு உண்டு. 2020 மே மாதத்தில் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில், அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் ஆகியவற்றின் தேரோட்டங்கள் இப்பகுதி மக்களுக்கு நன்கு அறிமுகமானவை. தேரைப் பார்ப்பவர் கண்ணில் படுவது சிற்பம். ஆனால் சிற்பத்துக்கு முந்திய வேலை ஒன்று உண்டு. பலகைகளின் முகம் சமமாக இருந்தால்தான் உருவத்தை வரையவும், ஒரு பலகையோடு மற்றொன்றை இடைவெளியின்றிச் சேர்க்கவும் முடியும். முதலில் வாய்ச்சியால் மேடுபள்ளத்தைச் செத்தி, பிறகு இழைப்புளியால் சீவி, அதன்பின்பே சிற்பி சிற்றுளியை எடுக்கிறார்.

பட்டறையில் வைக்கும் முறை

வேலை நடுவே இழைப்புளியைக் கீழே வைக்கும்போது பக்கவாட்டில் சாய்த்து வைப்பது பரவலான வழக்கம். அடிப்புறம் தரையில் பட்டால் மணலோ ஆணியோ தகட்டின் கூரைக் கெடுத்துவிடும். அலமாரியில் நிறுத்தி வைப்பதானால் முன்முனையின் கீழ் ஒரு மெல்லிய சட்டத்தைக் கொடுத்துத் தூக்கி வைத்தால் தகடு பலகையில் படாது.

பலநாள் பயன்படுத்தாத மர இழைப்புளியில் ஆப்பைச் சற்றுத் தளர்த்தி, தகட்டை உள்ளே இழுத்து வைக்க வேண்டும். இறுக்கமாகவே விட்டால் மழைக்காலத்தில் கட்டை உப்பி வெடிக்கக்கூடும். மண்தரையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் கறையான் ஏறும்; அதனால் சுவரிலிருந்து சிறிது தள்ளி, காற்றோட்டமுள்ள பரணிலோ சட்டத்திலோ வைப்பது நல்லது. இரும்புத் தகட்டுக்குத் துரு முதல் எதிரி. மரத்தூள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், வேலை முடிந்ததும் வாயில் சிக்கிய சுருளையும் தூளையும் நீக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும். கருவிப்பெட்டிக்குள் சூடம் போட்டு வைப்பதும் துருவைத் தடுக்கக் கையாளப்படும் முறை.

ஊர் ஊராகச் சென்று வேலை செய்யும் தச்சருக்கு நிலையான அலமாரி கிடையாது. அவருக்குச் சாக்குப்பையோ மரப்பெட்டியோதான் பட்டறை. பையில் உளியும் இழைப்புளியும் உரசாமல் இருக்கத் தகட்டுப் பகுதியைத் துணியில் சுற்றி வைப்பர். ஆகவே, கருவி இருக்கும் இடத்தைக் கொண்டே அதன் உரிமையாளர் ஓரிடத்தில் இருந்து தொழில் செய்தவரா, அலைந்து செய்தவரா என்பதைக் கணிக்கலாம்.

ஆயுத பூசை: கருவிகளின் காட்சி நாள்

ஆண்டு முழுவதும் மூலையில் கிடக்கும் இழைப்புளி எல்லோர் பார்வைக்கும் வரும் நாள் ஆயுத பூசை. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் பட்டறை கழுவப்படும். கருவிகள் துடைத்து எண்ணெயிடப்பட்டு, பலகை மீது வரிசையாக அடுக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்படும். பொரி, கடலை, வாழைப்பழத்துடன் படைத்தபின் அன்று அவற்றை யாரும் எடுப்பதில்லை. மறுநாள் விசயதசமியில்தான் வேலை மீண்டும் தொடங்கும்.

இது வழிபாடு மட்டுமன்று. புரட்டாசி அல்லது ஐப்பசியில் வரும் இந்நாளையொட்டியே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். ஈரம் வருவதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் எடுத்துப் பார்த்து, துரு நீக்கி, எண்ணெயிடும் வாய்ப்பை இச்சடங்கு தந்துவிடுகிறது. எந்தக் கருவி தொலைந்தது, எதன் கைப்பிடி ஆடுகிறது என்பதும் அன்று தெரிந்துவிடும். சிறுவர்கள் கருவிகளின் பெயர்களைக் கேட்டறிவதற்கும் அதுவே நல்ல நாள்.

பெட்டியும் பட்டியலும்

இங்கிலாந்தில் பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்காக 1796இல் வாங்கப்பட்ட தச்சுக்கருவிகள், அவர் செய்த பெட்டியோடு ரோச்செசுட்டர் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் எழுதிவைத்த கருவிப் பட்டியலும் உடன் கிடைத்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தச்சருக்கு எத்தனை வகை இழைப்புளி தேவைப்பட்டது என்பதை இன்று சொல்ல முடிவது இந்தப் பெட்டியாலும் பட்டியலாலும்தான். யப்பானின் கோபே நகரில் 1984 முதல் தச்சுக்கருவிகளுக்கென்றே தகெனகா அருங்காட்சியகம் இயங்கி வருகிறது.

இன்றைய நிலை

மின் இழைப்பு இயந்திரம் ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது. உடல் உழைப்பைக் குறைக்கும் அதைத் தச்சர் விரும்புவதில் தவறில்லை. ஆனால் அதன்பின் மர இழைப்புளியின் கட்டை அடுப்புக்கும், தகடு பழைய இரும்புக் கடைக்கும் போய்விடும் நிலை உள்ளது. இதே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், புவியியலாளர் எம். எசு. கிருட்டிணன் 1940இல் அறிவித்த 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரத்துக்குக் காவல் உண்டு. மரத்தைச் சிற்பமாக்கிய கருவிக்கு இல்லை. புவிசார் குறியீடும் பொருளின் பெயரைக் காக்கிறதேயன்றிப் பட்டறையின் பழங்கருவிகளைக் காப்பதில்லை.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு பள்ளியோ ஊர் நூலகமோ சில பழைய இழைப்புளிகளைப் பெற்று வெயில் நேரடியாகப் படாத சுவரில் வைக்கலாம். புதுமெருகு பூசக்கூடாது, கை பட்டுத் தேய்ந்த இடமே அக்கருவியின் வரலாறு. ஒவ்வொன்றின் அருகிலும் உள்ளூர்ப் பெயர், கட்டை எந்த மரம், எந்த வேலைக்குப் பயன்பட்டது, எந்த ஊரிலிருந்து வந்தது என்னும் நான்கு செய்திகளை எழுதி வைத்தால் போதும். பெயரையும் பயனையும் சொல்லக்கூடிய முதிய தச்சர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். கருவி மட்டும் எஞ்சி அதன் பெயர் மறைந்துபோனால், அது வெறும் மரக்கட்டையாகவே நிற்கும்.