வெயில் வாங்கிய கடன்

சித்திரை, வைகாசியில் வத்திராயிருப்புக் கண்மாய்களில் தண்ணீர் இறங்கி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் சதுரகிரிப் பக்கம் மேகம் கட்டினால் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்குத் தண்ணீர் வரும், கண்மாய்களும் நிறையும். இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, நல்லரசனைப் பற்றி வடமொழி சொன்ன ஓர் உவமை உரையில்லாமலே விளங்கும்.

மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்த உவமை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான்கு மாதம் மழை பொழியும் இந்திரனைப்போல அரசன் வழங்க வேண்டும். எட்டு மாதம் கதிரால் நீரை இழுக்கும் சூரியனைப்போல வரி வாங்க வேண்டும். கொடுப்பவன் ஒரு தேவன், எடுப்பவன் வேறொரு தேவன். காளிதாசன் இரண்டு வேலையையும் சூரியனிடமே ஒப்படைத்தான். ரகுவம்சத்தின் முதல் சருக்கத்தில் அரசன் திலீபன் வரி வாங்குவது குடிகளின் நன்மைக்காக. சூரியன் நீரை எடுப்பது ஆயிரம் மடங்காகத் திருப்பித் தர. எடுத்தவனையே கடன்காரனாக்கியது காளிதாசன் செய்த பெரிய காரியம்.

சொன்னதோடு விடவில்லை. திலீபன் மகன் ரகு, விசுவஜித் வேள்வியில் உள்ளதையெல்லாம் கொடுத்துத் தீர்க்கிறான். குரு காணிக்கைக்குப் பதினான்கு கோடி தேவைப்பட்டு மாணவன் கௌத்சன் வந்து நிற்கும்போது, அவனை உபசரிக்க அரண்மனையில் இருப்பது மண்பாத்திரம். அதே குலம் பத்தொன்பதாம் சருக்கத்தில் அக்கினிவர்ணனிடம் வந்து சேர்கிறது. அந்தப்புரமே கதியென்று கிடப்பவன். அமைச்சர்கள் வற்புறுத்தினால் பலகணி வழியே ஒரு காலை மட்டும் நீட்டிக் குடிகளுக்குக் காட்டுவான். நல்லரசரைப் பாட வந்த நூல் இப்படியா முடியும் என்று கேட்கலாம். இப்படி முடிவதால்தான் அந்த நூலை நான் நம்புகிறேன்.

யாழ்ப்பாண அரச குடும்பத்து அரசகேசரி இந்தக் கதையைத் தமிழில் இரகுவமிசம் என்ற காவியமாகப் பாடினார். வரியைப் பற்றித் தமிழுக்கு அதற்கு முன்பே சொந்தமாக ஓர் உவமை இருந்தது: பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் சொன்ன யானை. விளைந்ததை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் பல நாளைக்கு வரும். யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம். யானை சொல்வது அளவோடு எடு என்பதை. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்ற அடுத்த பேச்சு சூரியனுடையது.

மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2019 ஜூலை 5 பட்ஜெட் உரையில் அந்த யானையையும், 2020 பிப்ரவரி 1 உரையில் காளிதாசனின் சூரியனையும் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அரசவையில் பிறந்த உவமை இப்போது வரி கட்டுகிற நம் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. அடுத்த முறை தீர்வை ரசீதை வாங்கும்போது, உங்கள் ஊர்க் கண்மாய் மடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எவ்வளவு திரும்பி வந்தது என்று கேளுங்கள்.