சூப்பர் ஸ்டார் இல்லாமல் ஜெயித்த டெட்ராய்ட்

என்பிஏ கோப்பை வேணும்னா சூப்பர் ஸ்டார் வேணும் என்பது பொதுவான கணக்கு. 2004 இறுதிச் சுற்றில் லேக்கர்ஸில் ஷாக், கோபி, மலோன், பேட்டன்னு நாலு பெரிய தலைகள். எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்: 1996 டிராஃப்டில் யாருமே எடுக்காத பென் வாலஸ், அணி அணியாக மாறி வந்த பில்லப்ஸ். 4-1 என்று ஜெயித்தது டெட்ராய்ட்தான்!

தடுப்பாட்டம்தான் காரணம் என்பார்கள். சரி, ஆனா பாதிதான். பென் வாலஸ் கூடைக்கடியில் காவல் தெய்வம். புள்ளி எடுப்பதில் சுமார். பக்கத்தில், தடுக்கவும் தூரத்திலிருந்து போடவும் தெரிந்த உயரமான ஆள் வேண்டியிருந்தது. பிப்ரவரியில், சீசன் நடுவில், ரஷீத் வாலஸ் வந்தார். சில வாரங்களிலேயே, தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் எதிரணியால் 70 புள்ளியைத் தொட முடியவில்லை.

என் கணிப்பில் அந்தக் கோப்பை பிப்ரவரியிலேயே முடிவாகிவிட்டது. இத்தனைக்கும், 2003 டிராஃப்டில் டார்கோ மிலிசிச்சை எடுத்து வேடையும் கார்மலோவையும் கோட்டைவிட்டதும் இதே நிர்வாகம்தான்.