செங்கோட்டை எல்லையும் மோசடி, போதைப்பொருள் புலனாய்வுகளும்

செங்கோட்டை, தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும் வரை இவ்வூர் திருவிதாங்கூரின் ஆளுகையில், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. சில கிலோமீட்டர் கிழக்கே உள்ள தென்காசியோ பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கோட்டையில் நாணயம் வேறு, 'அஞ்சல்' என்ற பெயரில் தபால் வேறு, நீதிமன்றமும் போலீசும் வேறு. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது அன்றைய மாற்று விலை. 1904-இல் கொல்லம்-திருநெல்வேலி ரயில் பாதை முழுமையடைந்த பிறகு, மலையைக் கடக்கும் பயணம் எளிதாயிற்று. ஆனால் ஒரு போலீஸ்காரருடைய அதிகாரம் ரயிலில் ஏறி எல்லையைக் கடந்துவிடவில்லை.

பணமும் சரக்கும் எல்லை பார்ப்பதில்லை. சட்டத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. இந்தியாவில் நாடு முழுவதற்குமான புலனாய்வு அமைப்புகள் தோன்றியதற்கும், அவை இன்றும் சந்திக்கும் தடைகளுக்கும் இந்த முரண்பாடே அடிப்படை. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் நடந்த ஒரு வங்கி வழக்கு இதற்குத் தெளிவான சான்றாகும்.

திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி

கே. சி. மாம்மன் மாப்பிள்ளை 1912-இல் திருவல்லாவில் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியைத் தொடங்கினார். மலையாள மனோரமா நாளிதழின் ஆசிரியரும் அவரே. சி. பி. மாத்தன் 1919-இல் குயிலான் வங்கியைத் தொடங்கினார். இரண்டும் 1937-இல் ஒன்றாக இணைந்தன. இணைந்த வங்கி தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாயிற்று. திருவிதாங்கூருக்கு வெளியிலும் கிளை பரப்பி, சென்னையைத் தன் நிர்வாக மையமாக வைத்துக்கொண்டது.

அந்தப் பெருமை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1938-இன் முற்பகுதியில் வங்கியைப் பற்றி வதந்திகள் பரவின. வைப்புத்தொகை போட்டவர்கள் பணத்தைத் திரும்பப் பெற முண்டியடித்தனர். 1935-இல்தான் தொடங்கப்பட்டிருந்த ரிசர்வ் வங்கியிடம் உதவி கோரியும் வங்கி தப்பவில்லை. 1938 ஜூனில் கதவு மூடப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வங்கியைக் கலைக்கும் நடவடிக்கை தொடங்கியது.

வங்கி மூடுவதென்றால் என்ன என்பதை இன்றைய மாணவர்கள் எளிதில் உணர்வதற்கில்லை. அன்று வைப்புத்தொகைக்குக் காப்பீடு கிடையாது. வங்கி மூடுவதற்குச் சில நாள் முன்பு ஒரு வணிகர் வெளியூர்க் காசோலையை வசூலுக்குக் கொடுத்திருப்பார். அந்தப் பணம் அவருடையதா, எல்லாக் கடன்காரர்களுக்கும் பொதுவானதா? 'அவருடையது' என்றால் முழுத்தொகையும் கிடைக்கும். 'பொதுவானது' என்றால், சொத்துகளை விற்றுப் பங்கிடும்போது ரூபாய்க்கு இத்தனை அணா என்று கிடைப்பதோடு சரி. இத்தகைய கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தன. அப்போது சொல்லப்பட்ட தீர்ப்புகள் வங்கிச் சட்ட நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

அப்போது திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். வந்தவாசியில் பிறந்து, சென்னையில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றவர். 1938 பிப்ரவரியில் பொறுப்பாட்சி கோரித் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. மனோரமா அதை ஆதரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பத்திரிகை அலுவலகத்துக்கு அரசு முத்திரை வைத்தது. அக்டோபரில் மாம்மன் மாப்பிள்ளையும் மாத்தனும் உள்ளிட்ட வங்கி இயக்குநர்கள் சென்னையில் கைது செய்யப்பட்டனர். பொய்க் கணக்குகளைக் காட்டி மக்களை ஏமாற்றினர் என்பது குற்றச்சாட்டு.

திருவிதாங்கூர் போலீஸ் நேரே சென்னைக்கு வந்து அவர்களைப் பிடித்துச் செல்ல முடியாது. 1903-ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம் இதற்கொரு வழி வைத்திருந்தது. சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்ட் ஒரு பிடியாணை எழுதி, பிரிட்டிஷ் இந்தியாவின் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் ஆளைப் பிடித்து ஒப்படைப்பார். குற்றம் உண்மையா என்று மாஜிஸ்திரேட் ஆராய வேண்டியதில்லை. ஏறத்தாழ அயல்நாட்டுக்கு ஆளை ஒப்படைப்பது போன்ற ஏற்பாடு. ஆனால் அயல்நாட்டு ஒப்படைப்பில் இருந்த பாதுகாப்புகள் இதில் இல்லை.

கைதானவர்கள் சும்மா இருக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டனர். நீதிபதி பாண்டுரங்க ராவ் தனியாக அமர்ந்து அவர்களுக்குச் சாதகமாக ஆணையிட்டார். ஆனால் பழைய இங்கிலாந்துப் பொதுச் சட்ட முறையிலான ஆட்கொணர்வு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு இனி இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491-ஆம் பிரிவு கொடுக்கும் அதிகாரமே உண்டு என்று அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு முடிவு செய்தது. மாத்தன் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். 1939-இல் அங்கும் தோல்வியே கிட்டியது. திருவனந்தபுரத்தில் விசாரணை நடந்து தண்டனை விதிக்கப்பட்டது. மாம்மன் மாப்பிள்ளையின் சகோதரர் ஒருவர் சிறையிலேயே இறந்தார்.

இது மோசடி வழக்கா, அரசியல் பழிவாங்கலா என்பது பற்றிக் கேரள வரலாற்று நூல்களில் இன்றும் சூடான விவாதம் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. நீதிமன்றம் கணக்குகளில் குற்றம் கண்டது. அதே வேளையில், வழக்குத் தொடுத்த அரசுக்கு அரசியல் நோக்கம் இருந்ததும் வெளிப்படை. குற்றச்சாட்டு, புலனாய்வு, விசாரணை, சிறை ஆகிய நான்கும் திவான் ஒருவரின் ஆட்சிக்குள் அடங்கியிருந்ததால், உண்மையான குற்றம் நடந்திருந்தால்கூட அந்தத் தீர்ப்பைப் பலரும் நம்ப மறுத்தனர். பாதிக்கப்பட்ட வைப்பாளருக்கோ இந்த விவாதத்தால் ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

மாம்மன் மாப்பிள்ளை 1941-இல் விடுதலையானார். மனோரமா 1947-இல் மீண்டும் வெளிவந்தது. மாத்தன் 1952-இல் முதல் மக்களவைக்குத் தேர்வு பெற்றார். பின்னர் சூடானில் இந்தியத் தூதராகவும் இருந்தார். குடும்பம் நொடித்த நிலையில் சென்னையில் படித்த மாம்மன் மாப்பிள்ளையின் மகன், 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம்.

வங்கியின் வீழ்ச்சி ரிசர்வ் வங்கியை உலுக்கியது. ஆளுநர் சர் ஜேம்ஸ் டெய்லர் 1939-இல் வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென்று முன்மொழிந்தார். போர் குறுக்கிட்டதால், 1949-இல்தான் வங்கி நிறுவனங்கள் சட்டம் முழு வடிவில் வந்தது. வைப்புத்தொகைக் காப்பீட்டுக்கு இன்னொரு விபத்து தேவைப்பட்டது. 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதுவும் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்த வங்கிதான். 1962 ஜனவரி 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒருவருக்கு 1,500 ரூபாய். 2020 முதல் 5 லட்சம் ரூபாய்.

தேசிய அமைப்பு தோன்றியது

இரண்டாம் உலகப் போரின்போது அரசாங்கக் கொள்முதலில் லஞ்சமும் ஊழலும் பெருகின. ஒப்பந்தக்காரர் ஒரு மாகாணத்தில், சரக்கு மற்றொன்றில், கையெழுத்திட்ட அதிகாரி தில்லியில் என்ற நிலையில் மாகாணப் போலீசால் ஒன்றும் செய்ய இயலவில்லை. 1941-இல் சிறப்புக் காவல் அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. 1946-இல் அதற்குத் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் வந்தது. 1963 ஏப்ரல் 1 அன்று அது நடுவண் புலனாய்வுச் செயலகம், அதாவது சி.பி.ஐ. என்ற பெயர் பெற்றது. டி. பி. கோலி முதல் இயக்குநர். ஊழல் தடுப்பு முறைகளை ஆராய 1962-இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தமிழரான கே. சந்தானம். நடுவண் ஊழல் கண்காணிப்பு ஆணையம் அக்குழுவின் பரிந்துரையால் 1964-இல் பிறந்தது.

சி.பி.ஐ. என்ற பெயர் வருமுன்பே இந்த அமைப்பு கையாண்ட பெரிய மோசடி வழக்கு, தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவின் பாரத் இன்சூரன்ஸ் வழக்காகும். 1954-55-இல் பங்குச் சூதாட்டத்தில் அவரது மற்றொரு நிறுவனம் பெரும் நட்டமடைந்தது. அந்த நட்டத்தை ஈடுகட்ட, பாலிசிதாரர்களின் பணம் 2 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிடப்பட்டது. கணக்கிலோ அரசுக் கடன் பத்திரங்கள் வாங்கியதாக எழுதப்பட்டது. அரசு நியமித்த கணக்காயர் 'பத்திரங்களைக் காட்டுங்கள்' என்று கேட்டதும் கதை முடிந்தது. பணத்தைக் கையாண்டவர் பம்பாயில் இருந்தார், வழக்கு தில்லியில் நடந்தது. பம்பாயில் நடந்த செயலுக்குத் தில்லி நீதிமன்றம் எப்படித் தண்டிக்கலாம் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சதியை விசாரிக்கும் அதிகாரமுள்ள நீதிமன்றம், அச்சதியின் பகுதியாக வேறிடத்தில் நடந்த குற்றத்தையும் விசாரிக்கலாம் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பல மாநிலங்களில் பரவிய மோசடிகளுக்கு இது அடிப்படையான தீர்ப்பு.

அடுத்தது ஹரிதாஸ் முந்த்ரா விவகாரம். 1957 ஜூனில் எல்.ஐ.சி., தன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலேயே முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. பெரோஸ் காந்தி மக்களவையில் இதை அம்பலப்படுத்தினார். நீதிபதி எம். சி. சாக்ளா திறந்த அரங்கில் விசாரித்து 1958 பிப்ரவரியில் அறிக்கை தந்தார். சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். விசாரணை ஆணையம் ஒரு மாதத்துக்குள் முடிந்தது என்பதை இன்று நம்புவது கடினம். 1992-இன் ஹர்ஷத் மேத்தா பங்குச் சந்தை வழக்கும், பல மாநிலங்களில் பரவிய தெல்கியின் போலி முத்திரைத்தாள் வழக்கும் இந்த வரிசையில் பின்னர் வந்தவை.

போதைப்பொருள்

போதைப்பொருள் வழக்குகளுக்குச் சட்டம் வேறு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் அளவை வைத்தே குற்றத்தை எடைபோடுகிறது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு அந்த அளவுகள் 5 கிராமும் 250 கிராமும். வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு சிறை. 1986-இல் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் அமைக்கப்பட்டது.

நாட்டின் மிகப் பெரிய ஹெராயின் பறிமுதல்களில் ஒன்று 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் நடந்தது. (முன்சொன்ன முந்த்ராவுக்கும் இத்துறைமுகத்துக்கும் பெயர் ஒற்றுமை தவிரத் தொடர்பில்லை.) ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக 'டால்க் கல்' என்ற பெயரில் வந்த கொள்கலன்களில் சுமார் 2,988 கிலோ ஹெராயினை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் கண்டெடுத்தது. இறக்குமதி நிறுவனத்தின் முகவரி விஜயவாடா. அதை நடத்தியதாகக் கைதான தம்பதி வசித்தது சென்னையில். துறைமுகம், முகவரி, ஆள் மூன்றும் மூன்று மாநிலங்களில் இருந்தன. 1938-இல் ஒரு ரெசிடென்டின் பிடியாணை தேவைப்பட்ட இடத்தில், 2021 அக்டோபரில் தேசியப் புலனாய்வு முகமை எந்த மாநிலத்தின் ஒப்புதலுமின்றி வழக்கை ஏற்றது.

இன்றைய எல்லை

செங்கோட்டையை அடுத்த புளியரைச் சோதனைச் சாவடி, கேரளத்துக்கு ஏறும் மலைப்பாதையின் வாசலில் உள்ளது. ரேஷன் அரிசிக் கடத்தலும் கஞ்சாக் கடத்தலும் இங்குக் காவலர்கள் வழக்கமாகத் தேடுபவை. பெரும்பாலும் இவை மாநிலப் போலீசின் வேலை.

சி.பி.ஐ.யின் நிலை வேறு. 1946 சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் அது செயல்பட அம்மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். பல மாநிலங்கள் நெடுங்காலம் பொது ஒப்புதல் கொடுத்து வைத்திருந்தன. கேரளம் 2020 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. நடுவண் அரசு தன் அரசியல் எதிரிகள் மீது அமைப்பை ஏவுகிறது என்பது மாநிலங்கள் சொல்லும் காரணம். ஊழல் செய்தவர்கள் தப்ப வழி செய்கிறார்கள் என்பது எதிர்வாதம். மாம்மன் மாப்பிள்ளை வழக்கில் கேட்ட அதே இரு குரல்கள்தாம்.

பொது ஒப்புதல் விலக்கப்பட்டாலும், முன்பே பதிவான வழக்குகள் தொடரும். புதிய வழக்குக்கு மாநில அரசு தனியே ஒப்புதல் தரலாம். உயர்நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் ஒப்புதலே தேவையில்லை என்று 2010-இல் மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. பொது ஒப்புதல் திரும்பப் பெறப்பட்ட பின், புளியரைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் சி.பி.ஐ.க்குத் திறந்திருக்கும் வழிகள் இவ்விரண்டுமே.