'கிஃப்ட்' சிகிச்சை தெரியுமா? டெஸ்ட் டியூப் பேபிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

குழந்தைக்காக சிகிச்சை தேடி காரைக்காலில் இருந்து கும்பகோணம், தஞ்சாவூர், புதுச்சேரி என்று பஸ் ஏறும் தம்பதிகளின் காதில் அதிகம் விழும் வார்த்தை ஐ.வி.எஃப். அபூர்வமாக 'கிஃப்ட்' என்ற பெயரும் வரும். பரிசு இல்லைங்க, ஒரு சிகிச்சையின் சுருக்கப் பெயர்.

எப்படி செய்கிறார்கள்?

ஊசி போட்டு கருமுட்டைகளை வளர்த்து வெளியே எடுப்பது வரை ஐ.வி.எஃப் மாதிரிதான். ஐ.வி.எஃப்-ல் முட்டையும் விந்தணுவும் லேப்பில் சேர்ந்து கருவாகி, சில நாள் கழித்து கர்ப்பப்பையில் வைக்கப்படும். கிஃப்ட்டில் இரண்டையும் மெல்லிய குழாயில் ஏற்றி, அன்றைக்கே லேப்ராஸ்கோப்பி மூலம் கருக்குழாய்க்குள் விட்டுவிடுவார்கள். கரு உருவாவது உடம்புக்குள்ளேதான். லேப்பில் கருவாக்கி மறுநாள் கருக்குழாயில் வைத்தால் அது 'ஸிஃப்ட்'.

1984ல் அமெரிக்காவில் டாக்டர் ரிக்கார்டோ ஆஷ் குழு இதைக் கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் கிஃப்ட் குழந்தை 1988 ஜனவரியில் பிறந்தது. சாதித்தவர் மும்பை டாக்டர் இந்திரா ஹிந்துஜா. கரு வெளியே உருவாவதில்லை என்பதால், ஐ.வி.எஃப்-ஐ ஏற்காத கத்தோலிக்கர்கள் சிலரும் இதை நாடியதுண்டு.

அப்புறம் ஏன் குறைந்தது?

லேப் வசதி சுமாராக இருந்த காலத்தில் கிஃப்ட்டுக்கு மவுசு இருந்தது. லேப்கள் தேறியதும் ஐ.வி.எஃப் முந்திவிட்டது. அதில் மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளை போட வேண்டியதில்லை. முக்கியமாக, கரு உருவானதா என்று கண்ணால் பார்க்க முடியும். கிஃப்ட் தோற்றால் எங்கே தப்பியது என்றே தெரியாது. கருக்குழாயிலேயே கர்ப்பம் தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

யாருக்கு ஆகாது?

ஒரு கருக்குழாயாவது நல்லா இருக்கணும். காசநோயால் குழாய் அடைபட்ட பெண்கள் நம்ம நாட்டில் கணிசம். அவர்களுக்கு இதில் பலன் இல்லை. விந்தணு ரொம்பக் குறைவு என்றால் 'இக்ஸி'தான் வழி. ஆக, யாராவது கிஃப்ட்டைப் பரிந்துரைத்தால் ரெண்டே கேள்வி: குழாய் டெஸ்ட் ரிப்போர்ட் என்ன சொல்லுது? எனக்கு ஐ.வி.எஃப் ஏன் வேண்டாம்?

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஜனவரியில் அமலுக்கு வந்த செயற்கை கருத்தரிப்புச் சட்டத்துக்குள் கிஃப்ட்டும் அடக்கம். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வரை வயது வரம்பு. எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். கிளினிக் பதிவு பெற்றிருக்கணும். வாஞ்சூரைத் தாண்டினாலே தமிழ்நாடு. அங்குள்ள கிளினிக்குகள் தமிழ்நாட்டிலும், காரைக்கால் கிளினிக்குகள் புதுச்சேரியிலும் பதிவாகணும். அட்வான்ஸ் கட்டும் முன்பே பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்க.