உப்பைத் தாங்கும் நெல்லின் கதை



கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயிகளுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1960-களில் சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் மீஞ்சூர் வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டாங்க. வயலுக்கும் இறைத்தோம். நல்ல தண்ணீர் கீழே இறங்க இறங்க, கடல்நீர் பூமிக்கு அடியிலேயே கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. மண்ணின் உப்பு அளவு, அதாவது மின்கடத்துதிறன், 3-ஐத் தாண்டினாலே நெல் விளைச்சல் இறங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 12 சதவீதம் போய்விடும்.

ஆனால் எல்லா நெல்லும் ஒரே மாதிரி இல்லைங்க. உப்பு நிலத்துக்கென்றே களர்பாலை, குழியடிச்சான் என்று நம் முன்னோர் விதை வைத்திருந்தார்கள். கேரளக் கடலோரத்தில் பொக்காளி. வங்காளத்தில் நோனா பொக்ரா. 'நோனா' என்றாலே அங்கே உப்பு என்றுதான் பொருள். இவை உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. ஆனாலும் உப்பில் பிழைக்கும்.

எப்படிப் பிழைக்கிறது? 2005-ல் சீன விஞ்ஞானிகள் நோனா பொக்ராவில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். வேர் வழியாக ஏறும் சோடிய உப்பை இலைக்குப் போகவிடாமல் வழியிலேயே இழுத்துக்கொள்ளும் வேலையை அது செய்கிறது. மடைக்காரர் வேண்டாத தண்ணீரைத் திருப்பி விடுகிறார் இல்லையா, அதுபோலத்தான். பொக்காளியிலும் இதே குணத்தைத் தரும் பகுதியைக் கண்டு 'சால்டால்' என்று பெயர் வைத்தார்கள். குளிருக்கும் இப்படி உண்டு. மார்கழிப் பனியில் நவரை நாற்று வெளுக்கிறதே, அந்தக் குளிரை முன்கூட்டி உணர்ந்து தாங்க உதவும் மரபணு ஒன்று 2015-ல் தெரிய வந்தது.

ஒரு ரகத்தின் குணத்தை இன்னொன்றில் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. நம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்து டி.கே.எம். 6-ஐத் தாயாதியாக வைத்துத்தான் 1969-ல் ஐ.ஆர். 20 வந்தது. அதே 1969-ல் கர்னாலில் மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கிருந்து 1989-ல் சி.எஸ்.ஆர். 10 வெளிவந்தது. திருச்சியில் களர் நிலத்துக்காக டி.ஆர்.ஒய். 1 உருவானது. சென்னை சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்திக் காட்டு மரத்தின் மரபணுவையே நெல்லில் சேர்த்துப் பார்த்தது. 2025-ல் மத்திய அரசு, எம்.டி.யு. 1010 நெல்லின் சொந்த மரபணுவைத் திருத்தி உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. 1 ரகத்தை அறிவித்தது.

இத்தனை இருந்தும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். உவர் வேறு, களர் வேறு. களருக்கு ஜிப்சம் போட வேண்டும். உவருக்கு வடிகால் வெட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பைக் கழுவ வேண்டும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் உப்பு அதிகம் அடிக்கும். அதனால் சற்று முதிர்ந்த நாற்றாக, குத்துக்குக் கூடுதலாக வைத்து நடுங்கள். உப்பைத் தாங்கும் நெல் ஆலைக் கழிவையும் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு எந்த மரபணுவும் மருந்தல்ல.

முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். விதையை அப்புறம் முடிவு செய்யலாம். வீட்டில் யாரிடமாவது பழைய உவர் நெல் ஒரு படி இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். நாளைய ரகத்துக்கு அதுவே விதை.