1977: அப்பாவும் நானும் பார்த்த படங்கள்

1977-ல் எனக்கு 22 வயது. வீடு விழுப்புரம், வேலை திண்டிவனம். தினமும் காலையில் பாசஞ்சர் வண்டி. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று போகும். அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். மெட்ராஸிலிருந்து கரண்ட் இன்ஜினில் வரும் மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு இங்கேதான் இன்ஜின் மாற்றுவார்கள். ராத்திரி பகல் இல்லாமல் வேலை இருக்கும். அப்போது நாமெல்லாம் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போக வேண்டும்.

அப்பா தீவிர சிவாஜி ரசிகர். வி.சி. கணேசன் என்பதில் உள்ள 'வி' விழுப்புரம் அல்லவா? 1928 அக்டோபர் 1-ல் இங்கே பிறந்தவர். "சின்ன வயசிலேயே குடும்பம் திருச்சிக்குப் போயிடுச்சேப்பா" என்று நான் சொன்னால் அன்று எனக்குச் சாப்பாடு கிடைப்பது சந்தேகம்தான். திண்டிவனத்தில் எங்கள் ஆபீஸோ முழுக்க எம்.ஜி.ஆர். கோட்டை. ஆக, நான் தினமும் ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நெருக்கடி நிலையோடு பிறந்தது. ஜனவரி 26-ல் 'தீபம்'. சிவாஜி படத்துக்கு இளையராஜா முதன்முதலாக இசையமைத்தது அதில்தான். முந்தைய வருஷம் 'அன்னக்கிளி'யில் வந்த பையன், இதற்குள் சிவாஜிக்கு இசை போடுகிறானே என்று அப்பா முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே முணுமுணுத்துக்கொண்டு குளிக்கப் போனதை அம்மா எனக்கு ஜாடை காட்டினாள். மார்ச்சில் 'நவரத்தினம்'. ஏ.பி. நாகராஜன் எம்.ஜி.ஆரை வைத்து இயக்கிய ஒரே படம். "திருவிளையாடல் எடுத்த மனுஷன் அங்கே போயிட்டாரே" என்று அப்பா புலம்பினார். ஏப்ரலில் நாகராஜன் காலமானார். பேப்பரைப் படித்துவிட்டு அப்பா அன்று முழுவதும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மே மாதம் 'இன்று போல் என்றும் வாழ்க'. ஜூனில் சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க.வுக்கு 130 இடங்கள். ஜூன் 30-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். ஆகஸ்டில் ஸ்ரீதர் இயக்கிய 'மீனவ நண்பன்' வந்தது. காலையில் முதலமைச்சர் அரசாங்கத்துக் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு, சாயங்காலம் அதே முதலமைச்சர் கத்திச் சண்டை போடுவதைப் பார்க்கப் போகும் பாக்கியம் எங்கள் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத்தான் கிடைத்தது. அமெரிக்காவில் ரீகன்கூட நடிப்பை விட்ட பிறகுதான் கவர்னரானார்.

செப்டம்பர் 15-ல் '16 வயதினிலே'. தேனி அல்லிநகரத்துக்காரர் ஒருவரின் முதல் படம். பாரதிராஜா என்றால் அப்போது யாருக்குத் தெரியும்? கன்னடத்தில் புட்டண்ணா கனகலிடம் வேலை கற்றவர். ஸ்டூடியோவில் அட்டைக் குடிசை போடாமல் நிஜமான கிராமத்தில் எடுத்திருந்தார். நிவாஸ் ஒளிப்பதிவு. கமல் கோவணத்தோடு காலை இழுத்து நடக்கிறார், ரஜினி வில்லன், ஸ்ரீதேவிக்கு வயது பதினான்கு. எஸ். ஜானகிக்கு இந்தப் படத்தில் பாடியதற்குத் தேசிய விருது கிடைத்தது. பெரிய ஊர்களில் ஓடி முடித்து படப்பெட்டி எங்கள் பக்கம் வர நாளாயிற்று. ஆபீஸில் மெட்ராஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், எம்.ஜி.ஆர். பேச்சை விட்டு இதையே பேசினார்கள். அப்போதே ஏதோ மாறுகிறது என்று எனக்குப் பட்டது.

அப்பாவைக் கூப்பிட்டேன். "கோவணம் கட்டிக்கினு நடிக்கிறதுக்குக் காசு குடுத்துப் பாக்கணுமா?" என்றார். கடைசியில் ஒரு பேரம். தீபாவளிக்கு வந்த 'அண்ணன் ஒரு கோயில்' படத்துக்கு நான் அவரோடு போக வேண்டும், பதிலுக்கு அவர் என்னோடு வருவார். போனேன். அவர் அழுதார், நானும் கொஞ்சம் அழுதேன். தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் நாகப்பட்டினத்தில் புயல் அடித்தது. அந்த மழையெல்லாம் விட்ட பிறகு ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு அப்பா சொன்ன சொல் தவறாமல் வந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லோகோ ஷெட்டுக்கு வீடுகளிலிருந்து சாப்பாட்டுக் கேரியர் எடுத்துப் போக ஒருவர் வருவார். ஒரு கால் விளங்காது. எங்கள் தெரு முழுக்க அவரை 'நொண்டி' என்றுதான் கூப்பிடும். நானும்தான். "நொண்டி வந்துட்டான், கேரியரைக் குடு" என்று அம்மா சொல்லும்போது அதில் வன்மம் எதுவும் இருக்காது, வெறும் பெயர் மாதிரிதான். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

படத்தில், உன் பெயர் கோபாலகிருஷ்ணன், சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்று மயில் சொல்லிக்கொடுப்பாளே, அந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அதுவரை ரஜினிக்கு விசில் அடித்துக்கொண்டிருந்த கூட்டம், அறை விழுந்ததும் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் பார்த்தால் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது, படம் எப்படி என்று இரண்டு தரம் கேட்டேன். பதில் வரவில்லை. பிடிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஷெட்டிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் இங்கே வேண்டாம், அவர் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். "நாளைலேர்ந்து அவரு வந்தா பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றார்.

அம்மா கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "யாரு அது?" என்றாள்.